தம்பிக்கு முதல் கேமிங் கணினி: கையில் 4,200 வெள்ளி (ரிங்கிட்), மாமா கொடுத்த இரண்டு பழைய ரேம்

குளுகோர் அக்கா | பினாங்கு | வெள்ளி இரவு 9.10

வணக்கம். தம்பி ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வை எழுதி முடித்துவிட்டான். மூன்று வருடமாக என் பழைய மடிக்கணினியில்தான் வலொரண்டும் டோட்டா 2-உம் விளையாடுகிறான். விசைப்பலகை சூட்டில் விரல் வைக்க முடியாது, படம் விட்டுவிட்டு ஓடும். ஒரு நாள்கூட அவன் முகம் சுளித்ததில்லை. தேர்வு முடிந்ததும் அவனுக்கென்று ஒரு கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஓவர்டைம் காசைச் சேர்த்து இப்போது 4,200 வெள்ளி கையில் இருக்கிறது. திரையும் இதற்குள் வர வேண்டும். விசைப்பலகை, மவுஸ், ஹெட்போன் அவனிடம் உண்டு.

ஒரு கடையில் விலை கேட்டேன், தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய தலைமுறை ஐ7 பிராசசர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரியும் ஆறு விசிறி. பவர் சப்ளை என்ற இடத்தில் ‘650 வாட்’ என்று மட்டும் இருந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார். மனசு ஒப்பவில்லை, வந்துவிட்டேன்.

மாமாவின் ஆபீசில் போர்டு (மதர்போர்டு) செத்துப்போன ஒரு கணினியைக் கழித்துப் போட்டார்களாம். அதிலிருந்த இரண்டு ரேம் நினைவகப் பட்டைகளைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார், ஒவ்வொன்றும் 8 ஜிபி. இது உதவுமா? பிராசசர் இன்டெலா, ஏஎம்டியா? பூட்டுவதை வீட்டிலேயே செய்யலாம் என்று நினைக்கிறேன். இதுவரை நான் செய்ததில்லை.

செந்தூல் 180 | கோலாலம்பூர் | 9.24

அக்கா, பழைய ரேமை மறந்துவிடுங்கள். இன்றைக்கு வாங்கினால் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுதான். 2022-இல் வந்த சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), 2027 வரையும் அதற்குப் பிறகும் புதிய பிராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இப்போது ரைசன் 5 7500எஃப் பிராசசர் போட்டு, நாலு வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும். போர்டையே தூக்கிப் போட வேண்டிய நிலை வராது.

லோயாட் பழைய ஆள் | கோலாலம்பூர் | 9.51

தம்பி செந்தூல் சொல்வது நல்ல வழி, ரேம் விலை பழைய மாதிரி இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 2025 கடைசியிலிருந்து நிலைமை வேறு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரோன் 2025 டிசம்பரில் குருசியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே மைக்ரோனின் ஆலை உங்கள் பக்கத்தில் பத்து காவானில்தான் இருக்கிறது. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டும்தான் ஏறும். 4,200 வெள்ளியில் அந்த ரேமையும் வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு நிற்காது.

அதனால் அம்மா, உங்கள் மாமா கொடுத்தது இன்றைய நிலைமையில் கழிவுப் பொருள் இல்லை. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நீளம் 13 செ.மீ. இருக்கிறதா, இல்லை அதில் பாதிதானா? ஆபீசுகளில் இப்போது சின்னப் பெட்டிக் கணினிகள் நிறைய, அவற்றில் மடிக்கணினி ரேம்தான் இருக்கும். அது பெரிய போர்டில் பொருந்தாது. அடுத்து, லேபிளில் என்ன எழுத்து இருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள்.

குளுகோர் அக்கா | 10.15

தம்பி அடிக்கோல் வைத்து அளந்தான், 13 செ.மீ.தான் ஐயா. லேபிளில் 8 ஜிபி, பிசி4-3200ஏஏ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி. அடியிலிருக்கும் தங்க நிறக் கால்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கின்றன.

லோயாட் பழைய ஆள் | 10.32

நல்ல செய்தி. பிசி4 என்றால் டிடிஆர்4, அதாவது முந்தைய வகை ரேம். 3200ஏஏ என்றால் பயாசில் (போர்டின் அமைப்புத் திரை) எதையும் மாற்றாமலே 3200 வேகத்தில் ஓடும். கேமிங் ரேம் என்று விற்பதைவிடத் தாமதம் கொஞ்சம் அதிகம், அதனால் விநாடிக்கு இரண்டு மூன்று பிரேம் (திரையில் மாறும் படம்) குறையலாம். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு கிடைத்ததுதான் பெரிது, இரண்டும் ஒரே நேரத்தில், இரட்டைத் தடத்தில் ஓடும்.

இனி பிராசசர். என் தேர்வு இன்டெல் ஐ5 12400எஃப். 2022 ஜனவரியில் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், பெட்டியிலேயே விசிறி வரும். போர்டு வாங்கும்போது மட்டும் கண் வேண்டும். இந்தப் பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கடைசியில் டி4 என்று ஒட்டியிருக்கும். ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, பள்ளம் இருக்கும் இடமே வேறு.

கிள்ளான் கார்த்திகை | கிள்ளான் | 10.40

ஏன் 12ஆவது தலைமுறை? 13ஆவது, 14ஆவது தலைமுறையும் அதே சாக்கெட்தானே?

லோயாட் பழைய ஆள் | 10.58

அதே சாக்கெட்தான். ஆனால் அந்த இரண்டு தலைமுறையிலும் பல மாடல்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ப் பிராசசரே நாளடைவில் கெடும் சிக்கல் வந்தது. 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. 12ஆவது தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அக்கா கேட்பது வலொரண்டும் டோட்டாவும் ஓடும் கணினி. அதற்கு 12400எஃப் தாராளம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் 16 ஜிபி உள்ளதாக இருக்கட்டும்.

செந்தூல் 180 | 11.05

சரி அண்ணே, ரேம் கையில் இருந்தால் கணக்கு மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டு விஷயத்தில் விட மாட்டேன். 1080பி (முழு எச்டி) திரையில் வலொரண்ட் விளையாட 16 ஜிபி கார்டு எதற்கு? அது பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டு. 8 ஜிபி கார்டு போட்டு மிச்சக் காசில் நல்ல திரை வாங்கலாமே?

லோயாட் பழைய ஆள் | 11.31

தம்பி, வலொரண்ட் மட்டும் என்றால் நீ சொல்வதுதான் சரி. ஆனால் அந்தப் பையனுக்கு 17 வயது. கையில் புதுக் கணினி வந்த பிறகும் வலொரண்டோடு நிற்பானா? பெரிய உலகங்களில் சுற்றும் விளையாட்டுகளை எடுப்பான், கல்லூரியில் வீடியோ வெட்டுவான். கார்டின் 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் வழிந்து கணினியின் ரேமுக்குப் போகும். கார்டு தன் நினைவகத்திலிருந்து எடுக்கும் வேகம் எங்கே, போர்டு வழியாக ரேமில் போய் எடுக்கும் வேகம் எங்கே? அப்போதுதான் சராசரி பிரேம் நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று படம் இழுக்கும். அதுவும் இவர்களிடம் ரேம் 16 ஜிபிதான், அங்கேயும் இடம் இல்லை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு 8 ஜிபியிலும் வருகிறது, 16 ஜிபியிலும் வருகிறது. சில்லு ஒன்றுதான். 16 ஜிபி கார்டு எடுப்பது சுமார் 160 வாட். நான் அதையே சொல்வேன். மொத்தக் காசில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அதற்குப் போகட்டும். பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள் அம்மா.

கிள்ளான் கார்த்திகை | சனி காலை 7.20

பழைய கார்டு வாங்கினால் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் என் கதையைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, அந்தக் காசைத் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் சந்தையில் குவிந்தன. நானும் ஒன்று வாங்கினேன். விற்றவர் படம் காட்டினார், ஓட்டிக் காட்டவில்லை. மூன்று வாரம் ஓடியது. அப்புறம் விசிறி கடகடவென்று சத்தம், பிறகு திரையில் புள்ளி புள்ளியாக வந்து நின்றுவிட்டது. பின்பக்கம் திருப்பினால் விநியோகஸ்தர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். நம் நாட்டில் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான். ஏழு மாதம் சேர்த்த காசு. தம்பிக்கு முதல் கணினி என்கிறீர்கள், கார்டு புதிதாகவே இருக்கட்டும்.

பிறை வயர்மேன் | செபராங் பிறை | காலை 8.02

நேற்றிரவு முழுவதும் பிராசசரும் கார்டும் பேசினீர்கள். அந்தத் தங்கைக்கு முதலில் உறுத்தியது பவர் சப்ளை. அதற்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

நான் 19 வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். கணினி செத்துப்போன வீடுகளுக்கும் போயிருக்கிறேன். பெயரில்லாத பவர் சப்ளையில் முதலில் மிச்சம் பிடிப்பது பாதுகாப்புச் சுற்றில்தான். மின்னழுத்தம் ஏறினால், உள்ளே எங்காவது ஷார்ட் ஆனால், நல்ல சப்ளை உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். மோசமானது அணையாது, தான் எரியும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 650 என்று தாளில் எழுதுவது யாருக்கும் எளிது. 80 பிளஸ் முத்திரையும் தரச் சான்று இல்லை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கொடுக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது. ஐந்து வருடத்துக்குக் குறையாத உத்தரவாதம் தரும் சப்ளையாக வாங்குங்கள். ஐந்து வருடம் பொறுப்பேற்பவன் உள்ளே கண்ட பொருளையும் வைக்க மாட்டான். உங்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் 550 வாட்டே போதும், 650 இருந்தால் பிற்காலத்துக்கு ஆகும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். கணினி வைக்கப்போகும் அறையில் பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா? வீடு எத்தனை வருடப் பழையது?

குளுகோர் அக்கா | காலை 9.40

பிளாட் வீடு அண்ணே, நான் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. தம்பி அறையில் இருக்கும் பாயின்ட் பிறகு இழுத்தது. அங்கே மடிக்கணினியை சார்ஜில் போட்டுத் தொட்டால் கையில் சுரீரென்று ஏதோ ஊரும். மடிக்கணினி பழசு என்பதால் என்று நினைத்திருந்தோம்.

பிறை வயர்மேன் | காலை 9.48

மடிக்கணினிகளில் அது சில சமயம் சாதாரணமாகவே வரும். ஆனாலும் நீங்கள் சொல்லும் அறையை நான் சந்தேகப்படுகிறேன். பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். அவை வழியாக மிக மெல்லிய மின்னோட்டம் இரும்புக் கேசுக்கு வரும். எர்த் இருந்தால் அது அப்படியே மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் அறுந்திருந்தால் கேஸ் பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். நுனி விரல் பட்டால் சுரீர் என்னும். அந்த நேரத்தில் திரை வயரைப் பிடுங்கிச் செருகினால் கார்டுக்கும் ஆபத்து. வேறு ஏதாவது கோளாறு சேர்ந்தால் ஆளுக்கே ஆபத்து.

சாக்கெட் டெஸ்டர் என்று மூன்று விளக்கு உள்ள சின்னப் பிளக் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், பெரிய விலை இல்லை. வாங்கி எல்லா அறையிலும் செருகிப் பாருங்கள். இரண்டு கால் அடாப்டர் போட்டு ஓட்டவே வேண்டாம்.

இடி மின்னல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) தடுப்பான் உள்ள நீட்டிப்புப் பெட்டி நல்லதுதான், ஆனால் அதுவும் எர்த்தை நம்பித்தான் வேலை செய்யும். ஒவ்வொரு அடியையும் வாங்கி வாங்கி அதன் உள்சரக்கு தேய்ந்துபோகும், காட்டும் விளக்கு அணைந்தால் மாற்றிவிடுங்கள். மாலையில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுவதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு. கூடவே மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள். பலர் கரண்டைக் கழற்றிவிட்டு லேனை விட்டுவிடுகிறார்கள், அந்த வழியாக வந்து போர்டு போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் மாணவன் | பினாங்கு | காலை 10.15

கேஸ் பற்றி நான் சொல்லலாமா? என்னுடையது முன்பக்கம் முழுக் கண்ணாடி. பார்க்க அழகு, மதியம் ஏர்கோன் (ஏசி) இல்லாமல் விளையாடவே முடியாது. நம் ஊரில் அறையே 31, 32 டிகிரி. விசிறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக உள்ளே எதையும் ஆக்க முடியாது. குளிர் நாட்டில் இருப்பவர் 20 டிகிரி அறையில் சோதித்து, உள்ளே சூடு 65 என்று சொன்னால், இங்கே 77 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் வலை வைத்த கேஸ், முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். முன் வலையில் தூசி வடிகட்டி இருக்கட்டும். பின்பக்கம் காலியான துளைகளை மூடிவிடுங்கள், எங்கள் வீட்டில் பல்லி உள்ளே போய் முட்டை வைத்திருந்தது.

லோயாட் பழைய ஆள் | 10.44

பையன் நன்றாகச் சொன்னான். திரைக்கு 24 அங்குலம், 1080பி, 180 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 180 தடவை படம் மாறும்), ஐபிஎஸ் வகை. சேமிப்புக்கு 1 டிபி எஸ்எஸ்டி, போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை. அதில் ஜென்4 அதிவேகம் என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள், விளையாட்டு திறக்கும்போது ஒன்றிரண்டு விநாடிதான் வித்தியாசம்.

எஃப் என்று முடியும் பிராசசரில் உள்கட்டிய கிராபிக்ஸ் கிடையாது. திரை வயரைக் கார்டில்தான் செருக வேண்டும். போர்டின் பின்னாலும் எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது உங்களுக்கு வேலை செய்யாது.

குளுகோர் அக்கா | அடுத்த வெள்ளி, இரவு 8.30

எல்லாம் வாங்கிவிட்டோம்! பிராங்கின் மாலில் பாதி, இணையத்தில் பாதி. நீங்கள் சொன்னபடி கார்டு 16 ஜிபி, விநியோகஸ்தர் ஸ்டிக்கர் இருக்கிறது. பவர் சப்ளை 650 வாட், உத்தரவாதம் ஏழு வருடம். கேஸ் சாதாரணக் கறுப்பு, முன்னால் வலை. மொத்தம் 4,137 வெள்ளி. நாளை பூட்டுகிறோம். இந்த இழையைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

லோயாட் பழைய ஆள் | 9.02

கடையில் இருந்த காலத்தில் திரும்பி வந்த கணினிகளில் அடிக்கடி பார்த்ததைச் சொல்கிறேன். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கையால் எடுக்காதீர்கள். பிராசசரை மூலையிலுள்ள முக்கோணக் குறி பார்த்து வைத்து நெம்புகோலை அழுத்தினால் மூடி தானாகத் தெறித்து வரும். அழுத்தும்போது கறகறவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். மூடியைப் பத்திரமாக வையுங்கள், போர்டை உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது கேட்பார்கள். இந்தச் சாக்கெட்டில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் போச்சு.

ரேம் இரண்டும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது துளையில். எம்.2 மேல் வரும் அலுமினியப் பட்டையின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், உரித்துவிட்டுப் போடுங்கள். பவர் சப்ளையில் பிராசசருக்கான எட்டுக்கால் வயரும் கார்டுக்கான எட்டுக்கால் வயரும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். பிராசசருடையது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். உள்ளே போகவில்லை என்றால் தள்ளாதீர்கள், தவறான வயர் என்று அர்த்தம்.

செந்தூல் 180 | 9.10

பூட்டும் இடத்தில் கம்பளி விரிப்பு வேண்டாம் அக்கா. கேசின் இரும்பை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும். நம் ஊர் ஈரப்பதத்தில் பெரிய பயம் இல்லைதான்.

குளுகோர் அக்கா | சனி மாலை 6.15

தம்பி செந்தூல், நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஏர்கோனை அணைக்கச் சொல், ஏர்கோன் அறையில்தான் காற்று காய்ந்துபோகும்’ என்றார்கள். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 26 வருடம் ஆப்பரேட்டராக வேலை செய்தவர். சில்லுகளைச் சோதிக்கும் பகுதி. ஷிப்ட் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு வரும், நாங்கள் எழும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டார்கள். உள்ளே என்ன வேலை செய்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் நாங்கள் சரியாகக் கேட்டதே இல்லை.

நான் பிராசசர் பெட்டியைத் திறக்கப் போனேன். அம்மா ‘கொடு’ என்று வாங்கி முதலில் லேபிளைப் படித்தார்கள். மலேசியா என்று இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், நைலான் சட்டையை மாற்றிப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் மணிக்கட்டில் பட்டை கட்டி, வாசலில் கருவியைத் தொட்டு, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்களாம். பிராசசரை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்தார்கள், அடியைப் பார்க்கக்கூட விரலைக் கொண்டுபோகவில்லை. சாக்கெட்டில் வைத்தபோது சத்தமே வரவில்லை. நெம்புகோல் கறகறத்தபோது நானும் தம்பியும்தான் கண்ணை மூடிக்கொண்டோம்.

இப்போது போர்டு கேசுக்குள் ஏறிவிட்டது. வயர் வேலை நடக்கிறது.

லோயாட் பழைய ஆள் | 6.40

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 1972-இல் இன்டெலும் ஏஎம்டியும் பாயான் லெப்பாசுக்கு வந்தபோது அங்கே பெரும்பாலும் வயல். அன்றிலிருந்து இன்று வரை அந்த வரிசைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். நான் 20 வருடம் பெட்டியைக் கை மாற்றி விற்றவன். பெட்டிக்குள் இருப்பது அவர்கள் கை பட்டு வந்தது.

குளுகோர் அக்கா | இரவு 9.20

உதவி வேண்டும். பொத்தானை அழுத்தினோம். எல்லா விசிறியும் சுற்றுகிறது, கார்டில் விளக்கு எரிகிறது, திரையில் ‘சிக்னல் இல்லை’ என்றே வருகிறது. வயர் கார்டில்தான் செருகியிருக்கிறோம்.

ஆயர் ஈத்தாம் மாணவன் | 9.22

பிராசசரின் எட்டுக்கால் வயர்? போர்டின் மேல் இடது மூலை.

குளுகோர் அக்கா | 9.25

இருக்கிறது.

லோயாட் பழைய ஆள் | 9.27

போர்டின் வலது ஓரத்தில் நாலு சின்ன விளக்கு இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். எது அணையாமல் நிற்கிறது?

குளுகோர் அக்கா | 9.31

டிராம் என்று எழுதியது. மஞ்சள்.

லோயாட் பழைய ஆள் | 9.34

அப்படியென்றால் ரேம். பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டையும் எடுங்கள். கால்கள் மங்கலாக இருப்பதாக முதல் நாளே சொன்னீர்கள், நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

குளுகோர் அக்கா | இரவு 10.18

வந்துவிட்டது! படம் வந்துவிட்டது!

ஐயா, மன்னிக்க வேண்டும், ரப்பர் போட அம்மா விடவில்லை. ரப்பர் தங்கப் பூச்சைச் சுரண்டும், துகள் துளைக்குள் விழும் என்றார்கள். ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்டார்கள். கோவிட் சமயத்தில் வாங்கிய ஐசோபுரொபைல் ஆல்கஹால் பாதிப் போத்தல் அலமாரியில் இருந்தது. பஞ்சு நூல் விடும் என்று, கண்ணாடி துடைக்கும் துணியை வெட்டி நனைத்து, ஒரே திசையில் துடைத்தார்கள். துணி பழுப்பாக வந்தது. காய்ந்த பிறகு முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தோம், படம் வந்தது. அணைத்துவிட்டு இரண்டாவதையும் போட்டோம், 16 ஜிபி, 3200 என்று காட்டுகிறது. முதல் தடவை ஒரு பக்கம் ‘டிக்’ என்று உட்காரவில்லை என்றும் அம்மா சொன்னார்கள், தம்பி பூட்டும்போதே காதில் விழவில்லையாம்.

லோயாட் பழைய ஆள் | 10.25

அம்மா சொன்னதுதான் சரி. நான் ரப்பரையே பழகிவிட்டேன், இனி ஆல்கஹால்தான்.

செந்தூல் 180 | 10.30

அக்கா, வாழ்த்துகள்! இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். விண்டோஸ் முதலில் திரையை 60 ஹெர்ட்சிலேயே விட்டிருக்கும், திரை அமைப்பில் போய் 180-க்கு மாற்றுங்கள். மாற்றாமல் ஒரு வருடம் ஓட்டிய நண்பர் எனக்கு உண்டு. அப்புறம், விண்டோஸ் 11-இல் வலொரண்ட் ஓட பயாசில் ‘செக்யூர் பூட்’, ‘டிபிஎம்’ என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இயங்க வேண்டும். இன்டெல் போர்டில் டிபிஎம் என்பதைப் பிடிடி என்று எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது, பிழை காட்டும். கணினி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

குளுகோர் அக்கா | ஞாயிறு மதியம் 3.05

செக்யூர் பூட் அணைந்துதான் இருந்தது, திறந்துவிட்டோம். மதியம், ஏர்கோன் இல்லை, மேல்விசிறி மட்டும். தம்பி இரண்டு மணி நேரமாக விளையாடுகிறான். பிராசசர் 68, கார்டு 64 டிகிரி. மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்று அம்மா கேட்கிறார்கள்.

பிறை வயர்மேன் | 3.40

திரையோடு சேர்த்து 300 வாட் என்று வையுங்கள். நாளைக்கு நாலு மணி நேரம் என்றால் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். ஒரு ஏர்கோனைவிடக் குறைவு. டெஸ்டர் வாங்கினீர்களா, தங்கை?

குளுகோர் அக்கா | 4.12

வாங்கினேன் அண்ணே. தம்பி அறையில் எர்த் இல்லை என்றே காட்டுகிறது. ஹாலிலும் சமையலறையிலும் சரியாக இருக்கிறது. அதனால் கணினியை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தம்பிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். இப்போது அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் சுட்டது, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவனும் சொல்லிக்கொண்டே விளையாடுகிறான்.

பிறை வயர்மேன் | 4.20

அந்தப் பாயின்டை உரிமம் உள்ள வயர்மேனைத் தவிர வேறு யாரும் திறக்க வேண்டாம். சனிக்கிழமை காலை எனக்குத் தீவுப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று தனிச்செய்தியில் போடுங்கள், முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்.